நகல் எடுத்த கணக்கு

மதியம் டீ எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது அவளுடைய நாற்காலி சூடாக இருந்தது. யாரோ அப்போதுதான் எழுந்து போன சூடு. விடுமுறை நாள்; ஏசியின் முனகலும், தரை விரிப்பின் ஈர வாடையும், எங்கோ ஒரு பிரிண்டர் தூக்கத்தில் புரள்வது போன்ற சத்தமும் தவிர அந்த மாடியில் அவளுக்குத் துணை கிடையாது.

கம்பெனி மென்பொருளில் யார் எதைப் பார்க்கலாம், எதைத் தொடலாம் என்று அனுமதி கொடுப்பதும் பறிப்பதும்தான் அவள் வேலை. எழுநூறு பேர் அவள் தயவில் உள்ளே போகிறார்கள். அதில் ஒருவருக்காவது அவள் முகம் தெரியுமா என்றால் சந்தேகம்தான். அவளுக்கென்று இருப்பது வீட்டில் படுக்கையோடு கிடக்கும் அம்மா ஒருத்தி. அந்த ஒருத்தியும் இல்லாவிட்டால் என்ன ஆவோம் என்று நினைக்கவே அவளுக்குப் பயம்.

காலையில் ஒரு விண்ணப்பம் வந்திருந்தது. புது ஆள், பெயர் இல்லை, எண் மட்டும். என்ன பொறுப்பு என்ற கட்டமும் காலி. மேலாளரைக் கேட்டிருக்க வேண்டும். லீவு நாளில் எவன் போனை எடுப்பான் என்று சோம்பல்பட்டு, இந்த வேலையில் செய்யவே கூடாததைச் செய்தாள். தன் கணக்கின் அனுமதிகளையே அந்த எண்ணுக்கு நகலெடுத்துக் கொடுத்தாள். திங்கட்கிழமை திருத்திக்கொண்டால் போயிற்று.

நாற்காலியின் சூடு இன்னும் ஆறவில்லை. கணக்குகளின் பட்டியலைத் திறந்தாள்.

இரண்டு வரிகள். ஒரே பெயர். ஒரே புகைப்படம். அவள் கொடுத்தது அனுமதியைத்தான், முகத்தை அல்ல.

கீழே இருந்ததுதான் புதிது. கீழேதான். அழித்தாள்.

'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை.

மறுபடி முயன்றாள். இல்லை. கதவுக்கு ஓடி அடையாள அட்டையைக் காட்டினாள். சிவப்பு விளக்கு. மறுபடி. சிவப்பு.

வீட்டுக்குப் போன் போட்டாள். அம்மா எடுத்தாள்.

"அம்மா, நான்தான்மா."

அந்தப் பக்கம் முடியில் சீப்பு இறங்கும் சத்தம்.

"யாரும்மா பேசறது? என் பொண்ணு இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டாளே. பக்கத்துல உக்காந்து எனக்குத் தலை வாரிட்டிருக்கா."

"யாரும்மா போன்ல?" என்று அருகில் கேட்டது ஒரு குரல். அவளுடைய குரல்.

"ஏதோ ராங் நம்பர் கண்ணு."

அம்மா போனை வைக்க மறந்துவிட்டாள். சீப்பு மறுபடி நகர்ந்தது. அந்தக் குரல் ஏதோ சொல்ல, அம்மா சிரித்தாள். இவளிடம் அப்படிச் சிரித்துப் பல வருஷம் ஆகிறது. பூட்டிய கதவில் சாய்ந்து, இவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.