பந்த் நாளில் ஒரு பாட்டில்

காலை 9.10. கள்ளக்குறிச்சியில் வாடகைக் கட்டடமொன்றில் இயங்கிய ஆய்வு மையம். ஃப்ரிட்ஜைத் திறந்த டாக்டர் தீனதயாளன், ஒரு பாட்டில் சிரப் குறைந்திருப்பதைக் கண்டார். பூட்டு உடையவில்லை.

2007 மார்ச் கடைசி நாள். இட ஒதுக்கீட்டுக்கு நீதிமன்றம் போட்ட தடையைக் கண்டித்து மாநிலம் முழுக்க பந்த். பஸ் இல்லை, கடை இல்லை. விடியற்காலையிலிருந்து நாலுமுனைச் சந்திப்பில் நின்று கால் கடுத்துப்போன சப்-இன்ஸ்பெக்டர் ரீத்தா, டாக்டர் போனில் கூப்பிட்டதும் எரிச்சலோடுதான் வந்தார்.

"இன்னா சார், இருமல் மருந்தா?"

"எச்.ஐ.வி. மருந்தும்மா. கைக்குழந்தைங்களுக்கு."

எச்.ஐ.வி.யோடு பிறந்த குழந்தைகளைக் குலுக்கல் போட்டு இரண்டு பிரிவாக்கியிருந்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனே மருந்து. மற்றதற்கு எதிர்ப்பு சக்தி குறைந்த பிறகுதான். எது நல்லது என்று பார்ப்பதே ஆய்வு. மாற்றிக் கொடுத்தால் ஆய்வு கெட்டது.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட, நர்ஸ் ஜெயம்மாகிட்ட, வாட்ச்மேன் காசிநாதன்கிட்ட."

டாக்டரின் செல்போன் அடித்தது. பார்த்துவிட்டு அணைத்தார்.

ரீத்தா ஃப்ரிட்ஜைத் துழாவினார். மேல்தட்டில் ஐஸ் ட்ரே காலி, ஈரம் காயவில்லை. பக்கத்து டிராயரில், மருந்து ஊட்டும் சிரிஞ்சுகளில் மிகச் சின்னது ஒன்று குறைந்திருந்தது.

காசிநாதன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான் உள்ளயே போவலீங்க. டீகூட வாங்கியாரல. கடை இன்னா தொறந்தா கீது?"

அடுத்து ஜெயம்மாள். வெளியே கிளம்பத் தயாராகத் தோளில் பை, அதிலிருந்து மையத்தின் பச்சை ஃபிளாஸ்க் எட்டிப் பார்த்தது. தண்ணீர் டம்ளரை நீட்டினார்.

"டீ இல்லீங்க மேடம்."

"பாட்டிலை யார் எடுத்திருப்பாங்க சிஸ்டர்?"

"தெரியலீங்க."

ரீத்தா தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"டாக்டர், விக்கிறவன் ஒத்த பாட்டிலோட நிக்க மாட்டான். சின்ன சிரிஞ்சை எடுத்தவங்களுக்கு எந்தக் குழந்தைக்கு எவ்ளோன்னு தெரியும். ஐஸ் எடுத்தவங்க தூரமா போகணும், மருந்து சூடாவக் கூடாது. இதெல்லாம் பார்த்த நாம ஒண்ணை வுட்டுட்டோம். டீயே இல்லாத நாள்ல ஃபிளாஸ்க் எதுக்கு வெளிய கிளம்புது? தொறங்க சிஸ்டர்."

மூடியைத் திருகியதும் ஐஸ் உருண்டது. நடுவில் பாட்டில்.

ஜெயம்மாள் அழவில்லை. "வெள்ளிமலை சாலம்மா குழந்தைக்குங்க. காத்திருக்கற பிரிவு. 'காத்திருக்கறதும் வைத்தியம்தாம்மா'ன்னு சொல்லி கைநாட்டு வாங்கினது நான்தான். முந்தாநாள் தூக்கிக்கினு வந்திச்சு, பால்கூட இறங்கல. ரத்தத்துல எதிர்ப்பு சக்தி அளவு இன்னும் கொறையலன்னு திருப்பி அனுப்பிட்டோம். நேத்தே நான் போயிருக்கணும். பயந்துட்டேன். இன்னைக்கு பஸ் இல்ல."

செல்போன் மறுபடி அடித்தது. டாக்டரின் கை அதை அணைக்கப் போனது.

"யார் சார் அது?"

"சென்னை மேலதிகாரி." அவர் போனை மேசைமேல் வைத்தார். "உடனே மருந்து வாங்கின குழந்தைங்கதான் பிழைக்குதாம். காத்திருக்கறதை நிறுத்திட்டு எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லிட்டாங்க."

"எப்ப சொன்னாங்க?"

"எட்டு மணிக்கு."

"அப்புறம் எங்களை எதுக்குக் கூப்டீங்க?"

"எழுத்துல வரட்டும்னு இருந்தேன். அதுவரைக்கும் பாட்டில் குறையக் கூடாதுன்னு..." முடிக்க அவருக்கே கூசியது.

ரீத்தா புகார் எழுதவில்லை. டாக்டரையும் ஜெயம்மாளையும் ஜீப்பில் ஏற்றினார். குழந்தைக்கு மருந்து என்றதும் மறியல்காரர்கள் சாலையில் வெட்டிப் போட்டிருந்த மரத்தை நகர்த்தி வழிவிட்டார்கள்.

வெள்ளிமலையில், குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள் சாலம்மாள். ஜெயம்மாள் அளந்து நாக்கில் விட்டார். கசப்பில் முகத்தைச் சுளித்துக் குழந்தை அழுதது. அழத் தெம்பு மிச்சமிருந்ததே பெரிது.

சாலம்மாள் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தினி நாளா இது எங்க இருந்திச்சு?"

ஜெயம்மாள் சிரிஞ்சைக் கழுவத் திரும்பினார்.

"கள்ளக்குறிச்சியிலதாம்மா," என்றார் டாக்டர்.