பெயரில்லாச் சாதனத்துக்கு அனுமதி

அவன் இன்னும் கண்ட்ரோலரைக் கையில் எடுக்கவில்லை. அது மேசைமேல், டீ டம்ளருக்குப் பக்கத்தில், விளக்கு எரியாமல் கிடந்தது. ஆனால் திரையில் அவனுடைய ஆள் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

அந்த விளையாட்டில் இரண்டு பேர் ஒரு மரப்படகைத் தலையில் சுமந்துகொண்டு, தண்ணீரே இல்லாத ஒரு நிலத்தைக் கடந்து போக வேண்டும். முன்னால் சுமப்பவன் அவன். பின்னால் சுமப்பவள் வேறொரு நாட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அவன் தங்கை. ஆடுபவர் வந்து பொத்தானை அழுத்தும்வரை இரண்டு உருவங்களும் படகின் நிழலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்று தங்கையின் உருவம் வழக்கம்போல உட்கார்ந்திருந்தது. அவனுடையது மட்டும் எழுந்து, முகத்தைத் திரைக்கு இந்தப் பக்கமாகத் திருப்பி நின்றது.

வெளியே மழை பிடித்துக்கொண்டு பெய்தது. சாயங்காலம்தான் என்றாலும் அறைக்குள் இருட்டு முந்திக்கொண்டது. அவன் எட்டிக் கண்ட்ரோலரை எடுத்ததும் அதன் விளக்கு எரிந்தது. திரையில் இருந்தவன் மெல்ல உட்கார்ந்துகொண்டான்.

ஏதோ சின்னக் கோளாறு என்று நினைத்துக்கொண்டான். விண்டோஸ் இல்லாமல் லினக்ஸ் போட்ட கணினியில் விளையாடுகிறவனுக்குச் சின்னக் கோளாறு என்பது வீட்டுக்கு வந்துபோகும் உறவுக்காரர் மாதிரி. முறைத்தால் தங்கிவிடும், விசாரித்து அனுப்பினால் போய்விடும்.

அவன் தொழில் பல் செட் செய்வது. ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டு அறையில், முன்னே பின்னே பார்த்திராதவர்களின் வாய்க்குப் பொருந்தும் பற்களை நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருப்பான். அச்சு ஒரு பெட்டியில் வரும், பல் ஒரு பெட்டியில் போகும். பேச ஆள் வேண்டியதில்லை. வீட்டிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தங்கையோடு ஆடும் அந்தச் சிறு நேரம் மட்டும்தான் அவன் குரலுக்கு வேலை. மற்ற நாட்களில் சில சமயம் தொண்டையைச் செருமிப் பார்ப்பான், இருக்கிறதா என்று.

அதுவும் போய்விடும்போல் ஆனது, சில வாரங்களுக்கு முன் தங்கை இந்தப் புது விளையாட்டை வாங்கியபோது. அவளுடையது விண்டோஸ் கணினி, நிறுவினாள், ஆடினாள். அவனுடைய பழைய கணினி திரையைக் கறுப்பாக்கிவிட்டு நின்றது.

"அண்ணா, எல்லாரையும் மாதிரி விண்டோஸ் போட்டுக்கோயேன். உனக்கு மட்டும் என்ன தனி ரூட்டு?"

"முடியாது வாலு."

"அப்ப நான் இவரோட ஃப்ரெண்ட்ஸ்கூட ஆடிக்கிறேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவனுக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. 'வாலு' என்று அவளைக் கூப்பிட இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான் மிச்சம். அவனை 'அண்ணா' என்று கூப்பிடவும் அவள் ஒருத்திதான்.

ஆகவே முறையாக இறங்கினான். எந்த கிராஃபிக்ஸ் கார்டுக்கு லினக்ஸின் மூளையான கெர்னலுக்குள்ளேயே அதை இயக்கும் டிரைவர் இருக்கிறது, எதற்கு வெளியிலிருந்து கெஞ்சி வாங்க வேண்டும், விண்டோஸ் விளையாட்டுக்கும் லினக்ஸுக்கும் நடுவே நின்று துபாஷி வேலை பார்க்கும் மென்பொருள் எந்தப் பதிப்பில் சமர்த்தாக இருக்கிறது என்று எல்லாம் படித்தான். பழைய பொருள் கடைக்காரர் கார்டை எடுத்துக் கொடுக்குமுன் அவன் கேட்ட கேள்விகளில் களைத்துப்போனார்.

"சார், பொண்ணு பாக்கப் போனாக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க."

"விசாரிச்சதாலதான் இன்னும் கல்யாணம் ஆகல."

கடைக்காரர் சிரித்தார். கார்டைப் பழைய செய்தித்தாளில் சுற்றும்போது, கேட்காமலே சொன்னார்: "இது ஒரு வயசானவர் வீட்லேருந்து வந்துச்சு. தனியா இருந்தவர். முழு கம்ப்யூட்டரும் வந்துச்சு, பாகம் பாகமா வித்துட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி."

கார்டு பொருந்தியது. ஆனால் அவன் வைத்திருந்த லினக்ஸ் வகை, அதாவது டிஸ்ட்ரோ, நிதானமான பேர்வழி. அதன் கெர்னல் பழசு, இந்தக் கார்டை அதற்கு அடையாளம் தெரியவில்லை. சுடச்சுடப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் வேறொரு டிஸ்ட்ரோவுக்கு மாறினான். படம் வந்தது, சத்தம் வந்தது. விளையாட்டுச் சாதனங்களின் பட்டியலில் அவனுடைய கண்ட்ரோலர் பெயரோடு வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமை. பக்கத்தில் 'அனுமதி இல்லை' என்று இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பார்கள். லினக்ஸ்காரர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. ஒரு சாதனம் வேலை செய்யவில்லை என்றால் 'போகட்டும் விடு' என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. கண்ட்ரோலருக்காகக் கணினியில் செருகியிருந்த வயர்லெஸ் டாங்கிள்தான் இப்படித் தனியாகத் தெரிகிறது என்று முடிவுகட்டி, அதற்கு வாசலைத் திறந்துவிடும் ஒற்றை வரி விதியை எழுதினான். சேமித்தான். 'அனுமதி இல்லை' என்பது 'அனுமதி உண்டு' என்று மாறியது. அந்த நேரம் பின்னாலிருந்த சோஃபாவின் ஸ்பிரிங் ஒன்று முனகியதை அவன் கேட்டான். பழைய சோஃபா, முனகாமல் என்ன செய்யும்? வேலை முடிந்த சந்தோஷத்தில் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

இப்போது, மழைச் சத்தத்தின் நடுவே போன் அதிர்ந்தது. தங்கை.

"அண்ணா, கொஞ்சம் லேட்டாகும். குழந்தைய தூங்க வச்சுட்டு வரேன். புதன்கிழமை விட்ட இடத்துலேருந்து ஆரம்பிப்போம்."

"புதன்கிழமையா? நான் ஆடவே இல்லையே. ஒரு அவசர செட்டு, ராத்திரி வரைக்கும் அங்கதான் இருந்தேன்."

"போதும் போதும், மறைக்காத." அவள் குரல் தணிந்தது. "அன்னிக்கு நீ சொன்னதுலேருந்து எனக்கு மனசே சரியில்ல. 'ஞாயித்துக்கிழமை மட்டும் பத்தல, தினமும் வா'ன்னு நீ வாயத் திறந்து கேட்டதே இல்லையேண்ணா. அழுதியே. இனிமே முடிஞ்சப்பல்லாம் வரேன், சரியா? இதோ வந்துடறேன்."

வைத்துவிட்டாள்.

அவன் போனை மேசைமேல் வைத்தான். அந்த வாக்கியம் அவனுக்குத் தெரியும். எத்தனையோ ஞாயிறுகளில் நாக்கின் நுனிவரை வந்து, ரோஷத்தில் விழுங்கிய வாக்கியம் அது. யாரிடமும் சொன்னதில்லை. இந்த அறையில், திரை அணைந்த பிறகு, தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறான். அவ்வளவுதான்.

இந்த அறையில்.

மழையின் சத்தத்துக்கு அடியில் வேறு சத்தங்கள் இருந்தன. கணினியின் விசிறி, சன்னல் தகரத்தில் சொட்டும் நீர், குளிர்பெட்டியின் உறுமல். இவை எல்லாவற்றுக்கும் அவனுக்குக் கணக்கு உண்டு. கணக்கில் வராமல் இன்னொன்று இருந்தது: ஈரமான உதடு பிரிவது போன்ற மிக மெல்லிய ஒலி. பல் செட் வார்க்கும் திரவத்தின் காட்டமான வாடையும் அடித்தது. அது எப்போதும் அடிப்பதுதான், தன் கைகளின் வாடைதான் என்று இத்தனை வாரங்களாக நினைத்திருந்தான். இன்று காலையிலேயே குளித்து, சோப்புப் போட்டுக் கழுவிய கைகள் அவை. முகர்ந்து பார்த்தான். சோப்பு மணத்தது.

வாடை பின்னாலிருந்து வந்தது.

திரும்பினான். சோஃபா காலியாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் மெத்தை பள்ளமாகத் தெரிந்தது. அவன் வழக்கமாக உட்காரும் பக்கம்தான். வீட்டில் இருக்கும் ஒற்றை ஆள் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் பள்ளம் விழாதா?

கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்தான். ஒரு கண்ட்ரோலரின் ஒவ்வொரு பொத்தானும் எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பதை எண்ணாகக் காட்டும் சின்னக் கருவி ஒன்று உண்டு, பழுது பார்ப்பதற்காக. முதலில் தன் கண்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டுப் பார்த்தான். எல்லாம் பூஜ்யம். யாரும் தொடாதபோது அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிறகு பெயரில்லாததைத் தேர்ந்தெடுத்தான்.

அதில் பொத்தான்கள் இல்லை. வரிசையாக அழுத்தங்கள் மட்டும். அவை நிற்கவில்லை. கொஞ்சம் ஏறின, கொஞ்சம் இறங்கின, மறுபடி ஏறின, தூங்குகிறவரின் மார்பு மாதிரி. எதையோ தளர்வாகப் பிடித்திருக்கும் விரல்கள் அவை என்பது புரிய அவனுக்கு நேரம் பிடித்தது. ஒரு வரிசைக்கு ஒரு விரல். எண்ணினான். பத்தோடு நிற்கவில்லை. பன்னிரண்டு.

மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

எண்களும் அப்படியே நின்றன.

அவன் மூச்சை விட்டான். எண்கள் அசைந்தன.

தான் எழுதிய அந்த ஒற்றை வரியைத் தேடி எடுத்து அழித்தான். டாங்கிளைப் பிடுங்கி மேசையில் போட்டான். கண்ட்ரோலரைக் கேபிளில் மாட்டி, கணினியை நிறுத்தி மறுபடி தொடங்கினான். திரை இருண்டு வெளுக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டான். பட்டியல் வந்தது. ஒரே ஒரு சாதனம். 'அனுமதி உண்டு.'

ஒன்றுதான். அப்பாடா.

விளையாட்டைத் திறந்து ஹெட்ஃபோனை மாட்டினான். தங்கையின் உருவம் எழுந்து கையை ஆட்டியது.

"வந்துட்டேன்! ஒரு வழியா தூங்கினான். சரி, தூக்கு தூக்கு."

"வாலு, ஒரு நிமிஷம், நான் சொல்றத..." என்று அவன் தொடங்கினான்.

"தூக்கிட்டேன் வாலு. உன் பக்கம் சாயுது பாரு," என்றது ஒரு குரல்.

ஹெட்ஃபோனுக்குள் வந்தது. அவனுடைய குரல். பதிவு செய்து கேட்டால் நம் குரல் நமக்கே அந்நியமாக இருக்குமே, அப்படி இருந்தது. ஆனால் அவனுடையதைவிடச் சிரிப்பு அதிகம்.

திரையில் அவனுடைய ஆள் படகைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அவன் பொத்தானை அழுத்தினான். எல்லாப் பொத்தான்களையும் அழுத்தினான். கேபிளைப் பிடுங்கி மாட்டினான். கண்ட்ரோலரின் விளக்கு எரியவே இல்லை. அப்போதுதான் பட்டியலைச் சரியாகப் பார்த்தான். அந்த ஒரே சாதனத்துக்குப் பெயர் இல்லை. அவனுடைய கண்ட்ரோலர்தான் பட்டியலில் இல்லை. கீழே மைக் பட்டியல். அதிலும் அவனுடையது இல்லை.

"வாலு! அது நான் இல்ல! இங்க இருக்கேன்! வாலு!"

தங்கையின் உருவம் ஒரு கணம் தயங்கியது.

"அண்ணா, உன் பின்னாடி யாரோ கத்தற மாதிரி இருக்கே?"

"பக்கத்து வீட்டு டிவி," என்றது குரல். "இவங்களுக்கு எப்பவும் இதே ரோதனை. நீ நட."

அவள் சிரித்தாள். இருவரும் நடந்தார்கள். கால்கள் ஒரே தாளத்தில் விழுந்தன. அவனோடு ஆடும்போது படகு ஒரு தடவையாவது சாயும். இன்று சாயவில்லை.

"இன்னிக்கு நீ சூப்பரா ஆடறேண்ணா," என்றாள். "ரொம்ப நாளைக்கு அப்புறம் நீ நீயா இருக்க."

ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தான். எழுந்தான். சுவருக்கு ஓடினான். மெயின் சுவிட்சைத் தட்டினான்.

விசிறி சுழன்று நின்றது. திரை அணைந்தது. மழை. மழை மட்டும்.

சுவரில் முதுகைச் சாய்த்து மூச்சு வாங்கினான். தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. அதன் மஞ்சள் சன்னல் வழியாக விழுந்து, அணைந்த திரையின் கறுப்புக் கண்ணாடியில் அறை முழுவதும் தெரிந்தது. மேசை. டம்ளர். கதவு. சுவர், சுவரில் சுவிட்சுப் பலகை.

பலகைக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

கையை உயர்த்திப் பார்த்தான். கண்ணாடியில் எதுவும் உயரவில்லை.

சோஃபாவில், பள்ளமான பக்கத்தில், அவன் உட்கார்ந்திருந்தான். அவனுடைய சட்டை. அவனுடைய கூன். மடியில் எதையோ தளர்வாகப் பிடித்தபடி.

மேசையில் போன் ஒளிர்ந்து அதிர்ந்தது. தங்கையின் படம். அவன் பாய்ந்தான். அவன் விரல்கள் போனின் மேல் விழுந்தன. விரலில் எதுவும் படவில்லை. வாயைத் திறந்தான். தொண்டையைச் செருமிப் பார்த்தான்.

சோஃபாவின் ஸ்பிரிங் முனகியது. அவன் தோளுக்கு மேலாக, திரவ வாடை அடிக்க, ஒரு கை மெதுவாக நீண்டது. எல்லா விரல்களாலும் போனைச் சுற்றிப் பிடித்து எடுத்தது.

"சொல்லு வாலு," என்றது. "கரண்டு போயிடுச்சு. இல்லல்ல, தனியாத்தான் இருக்கேன்."