ஐந்து குட்டிக் குன்றுகள்

காலை 9.40. ஆபரேஷன் மேசையில், கத்தி படுவதற்கு முன்பே அவள் இறந்து கிடந்தாள். சிறுநீரகக் கல்லை எடுக்க வந்தவள். மயக்க மருந்து கொடுத்தவர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அண்ணன்.

மதியம் 2.00. விசாரிக்க வேறொரு மருத்துவமனையிலிருந்து மயக்க மருந்து டாக்டரம்மா ஒருவர் வந்தார். அண்ணன் நேராக, அப்போது உடனிருந்த நர்ஸைக் கைகாட்டினார்.

“9.12க்கு மூச்சுக்குழாய்க்குள்ள ட்யூப் போட்டேன். 9.18க்கு ஒருக்களிச்சுப் படுக்க வைக்கும்போது இவங்க இழுத்துட்டாங்க. ஆக்சிஜன் விழுந்துடுச்சு. மறுபடி போடுறதுக்குள்ள இதயம் நின்னுடுச்சு.”

“இல்லைங்கம்மா! ட்யூபை நான் கெட்டியாப் பிடிச்சிருந்தேன்,” என்று நர்ஸ் அழுதாள். இருபது வருட வேலை போகும், ஜெயிலும் வரலாம். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது அவளுக்குத் தெரியும்.

டாக்டரம்மா இயந்திரத்தின் பதிவுத் தாளை விரித்தார். வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, மூச்சுக்கு ஒரு குன்றாக அதில் பதிவாகும். 9.12இல் ஐந்து குன்றுகள். ஒன்றைவிட ஒன்று குட்டை. பிறகு வெறும் கோடு. 9.13இல் அலாரம் அடித்ததும், அதை யாரோ நிறுத்தியதும் பதிவாகியிருந்தன.

“9.13க்கு அலாரத்தை நிறுத்தினது யாரு?”

“நான்தான். விரல்ல மாட்டின கிளிப்புல ஆக்சிஜன் தொண்ணூத்தொன்பது காட்டுச்சு. மெஷின்தான் கோளாறு.”

“இதுல ஊதுங்க,” என்று அதே இயந்திரத்தின் குழாயை நீட்டினார்.

ஊதினார். திரையில் உயரமான குன்றுகள் ஒரே அளவில் எழுந்தன.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு, தம்பி. நர்ஸ் இழுத்திருந்தா, 9.18 வரைக்கும் இப்படியே வந்து சட்டுனு நின்னிருக்கும். ட்யூப் முதல்லயே உணவுக்குழாய்க்குள்ள போயிடுச்சு. அதுக்கு முன்னாடி மாஸ்க் வச்சுக் காத்து அடிச்சப்ப வயித்துக்குள்ள போன கொஞ்சம் மூச்சு, அஞ்சு தடவையில தீர்ந்துபோச்சு. முன்னாடி குடுத்த ஆக்சிஜன் அஞ்சு நிமிஷம் தாங்குச்சு. நீங்க விரலை நம்பினீங்க, மூச்சை நம்பல.”

குழாயைப் பிடித்தபடியே அண்ணன் சரிந்தார். தாங்கிப் பிடித்தது அந்த நர்ஸ்தான்.

“இவங்க இழுத்ததை நான் பாக்கல. யாராவது இழுத்திருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்.”

பழிபோட ஓர் ஆள் கிடைத்தால் மனசு எதைத்தான் நம்பாது! பாவம், அவருக்கும் அது ஐந்து மணி நேரம்தான் உதவியது.

“வேற டாக்டரை வச்சுக்கலாம்னு சொன்னேன்மா. ‘நீ பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்லண்ணா’ன்னு சொன்னா.”

குழாய் இன்னும் அவர் வாயருகே இருந்தது. அவர் விசும்ப விசும்ப, திரையில் குன்றுகள் நிற்காமல் வந்துகொண்டேயிருந்தன.