சொல்லக் கூடாத வரலாறு

மைதானத்துக்கு மேலே, ஏணிப்படி ஏறிப் போனால் ஒரு மரக்கூண்டு. அன்று மதியம் அதில் இருந்தவர்கள்:

ஹேட்டி. வயது பத்து. எண் பலகையின் பொத்தான்களை அழுத்துபவள்.

மிஸ் ஜெலினெக். ஆட்டக் கணக்கு எழுதுபவர். சூரியகாந்தி விதை கொறிப்பார், பேசமாட்டார்.

பேராசிரியர் மக்லூர். ஸ்காட்லாந்திலிருந்து வரலாறு சொல்லித்தர வந்தவர். பேசாமல் இருக்கமாட்டார்.

ஒரு குளவி. அதை யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் பல்கலைக்கழகத்து பேஸ்பால் மைதானத்துக்கு அன்று நூறு வயது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும், அணிகள் இடம் மாறும்போது, பேராசிரியர் ஒலிபெருக்கியில் மைதானத்தின் வரலாற்றில் ஒரு துண்டு சொன்னார். முதலில் இங்கே மாடு மேய்ந்தது. போர்க்காலத்தில் உருளைக்கிழங்கு நட்டார்கள். ஒரு வெள்ளத்தில் ஆறு உள்ளே வந்தது. வடிந்தபோது, ஓடுபவர்கள் தொட்டுப் போகும் இரண்டாவது பேஸின் மேல் ஒரு கெளுத்தி மீனை விட்டுவிட்டுப் போனது.

மே மாதக் கடைசி. ஆற்றோரத்துக் காட்டன்வுட் மரங்கள் பஞ்சைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தன. வெயிலில் பனி பெய்வதுபோல் அது மெல்ல இறங்கியது. கீழே ஆடுபவர்கள் தூக்கத்தில் நடப்பவர்களைப்போல் தெரிந்தார்கள்.

ஹேட்டி மட்டும் நாற்காலியின் நுனியில் இருந்தாள். பந்து வீசுபவன் அவள் அண்ணன் வெஸ்லி. எங்கள் அணி இரண்டு ஓட்டம் முன்னால் இருந்தது. ஒன்பது சுற்றில் எட்டை வீசி முடித்துவிட்டான். எதிரணியில் ஒருவன்கூட அவன் பந்தை அடித்து முதல் பேஸைத் தொடவில்லை. பலகையில் அவர்களுடைய 'அடி' கட்டத்தில் பெரிய பூஜ்யம்.

இப்படி நடக்கும்போது எங்கள் ஊரில் யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார்கள். திறந்தால் கெட்டுவிடும். இது மூடநம்பிக்கைதான். இருந்தாலும் திறந்து பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை.

பேராசிரியருக்கு இது தெரியாது.

"அடுத்ததுதான் பிரமாதம், ஹேட்டி!" என்று தாளைத் தட்டினார். "நூறு வருஷமா இந்த மைதானத்துல நம்ம பசங்க ஒருத்தர்கூட, எதிரணிய ஒரு அடிகூட அடிக்க விடாம—"

"சார்!"

மிஸ் ஜெலினெக்கின் வாயிலிருந்து விதை விழுந்தது.

"என்னம்மா? குளவி கொட்டிடுச்சா?"

"அத மட்டும் மைக்குல சொல்லாதீங்க."

"ஏன்?"

"ஏன்னும் சொல்லக் கூடாது."

"நல்லா இருக்கே! உண்மையத்தானே சொல்லப் போறேன்?"

"உண்மைதான் சார். அதான் பிரச்சனையே."

அவர் சிரித்துக்கொண்டே மைக்கை நோக்கிக் கையை நீட்டினார். ஒலிபெருக்கி வெஸ்லியின் தலைக்கு நேர் மேலே இருந்தது.

ஹேட்டி ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் புதிதாக வந்த மனிதர். ஊர் பார்க்க அவமானப்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை. சட்டைக் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்தாள்.

"எங்க அண்ணனப் பாருங்க சார்."

வெஸ்லி பெஞ்சின் ஒரு முனையில் தனியாக உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் எல்லாரும் மறுமுனையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தண்ணீர்க் குவளையை அவனுக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

"சண்டையா?"

"இல்ல சார். எல்லாருக்கும் அவன்னா உசிரு."

பேராசிரியர் பெஞ்சைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். யாரும் பேசவில்லை. பஞ்சு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியாகப் பலகையில் இருந்த பூஜ்யத்தைப் பார்த்தார். புருவம் மேலே ஏறியது.

"ஓ! அப்படின்னா அவன் இன்னிக்கி—"

"சார்ர்ர்!"

அவர் சட்டென்று வாயைப் பொத்தினார். முழங்கை பட்டு மைக் விழித்துக்கொண்டது. கர்ர் என்றது. கூட்டம் அண்ணாந்து பார்த்தது. வெஸ்லியும் பார்த்தான்.

ஏதாவது சொல்லியாக வேண்டும். ஹேட்டி மைக்கில் குனிந்தாள்.

"இந்த மைதானத்தில்... மாடு மேய்ந்தது."

"அத அப்பவே சொல்லியாச்சு!" என்று கீழேயிருந்து ஒரு குரல்.

"இன்னும் கொஞ்சம் மாடு இருந்துச்சு!"

கூட்டம் சிரித்தது. அன்று முதல் முறையாக வெஸ்லியும் சிரித்தான்.

ஒன்பதாவது, கடைசிச் சுற்று. எதிரணியில் இன்னும் மூன்று பேர் ஆட்டமிழந்தால் ஆட்டம் முடிந்தது. இரண்டு பேர் ஆட்டமிழந்தார்கள். மூன்றாவது ஆள் ஓங்கி அடித்தான். பந்து உயர எழும்பிப் பஞ்சுக்குள் போனது. வெள்ளைக்குள் வெள்ளை. பந்து எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஹேட்டியின் விரல் பொத்தானுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. நடுக்களத்தில் நின்றவன் வானத்திடம் எதையோ கேட்பதுபோல் கையை நீட்டிக்கொண்டே பின்னால் ஓடினான். நின்றான். கையுறைக்குள் எட்டிப் பார்த்தான்.

உள்ளே ஒரு பிடி பஞ்சு. பஞ்சுக்குள் பந்து.

அவன் பந்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். பிறகு எல்லாரும் கத்தினார்கள்.

பேராசிரியரின் முகம் தக்காளிபோல் சிவந்திருந்தது. "இப்பச் சொல்லலாமா?"

"சொல்லுங்க சார்."

சொன்னார். நூறு ஆண்டுகளாக நடக்காதது இன்று நடந்துவிட்டது என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் ஓடிவந்து வெஸ்லியின் மேல் விழுந்தார்கள். பேராசிரியர் மறுபடி சொன்னார். மைதானம் காலியானது. அப்போதும் சொன்னார்.

மிஸ் ஜெலினெக் அன்று முதல் முறையாக வாயைத் திறந்தார். "போதும்." மைக்கை அணைத்து, கூண்டுச் சாவியை ஹேட்டியிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

"ஒரே ஒரு தடவ மட்டும்—"

"வீட்டுக்குப் போங்க சார்," என்று ஹேட்டி அவரை மெல்ல வெளியே அனுப்பினாள். குளவியும் கூடவே போனது. படியில் அவர் அதற்குச் சொல்லத் தொடங்கினார்.

ஹேட்டியும் வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினாள்.