டொரீன் வீட்டு வெந்நீர்த் தொட்டி

ஓல்டம் நகரில் டொரீன் வீட்டுக் கதவைத் தட்டியபோது காலை பத்து மணி. பிப்ரவரி மழை நசநசத்துக்கொண்டிருந்தது. கணப்புக்குப் பின்னால் இருந்த பழைய பாய்லர் விஷவாயுவைக் கசியவிட்டதால், எடுத்தே ஆக வேண்டிய நிலை. பதிலுக்கு, பாய்லர் பொருத்துபவனான நான் கொண்டுபோனது காம்பி பாய்லர். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் எரியும், மூடினால் அணையும். வெந்நீரைச் சேர்த்துவைக்கத் தொட்டியே வேண்டாம்.

டொரீனுக்கு எழுபத்தெட்டு வயது, தனியாள். தேநீர் கொடுத்துவிட்டு மாடிக்கு வந்து, துணி உலர்த்தும் அலமாரியை மறித்து நின்றாள். செம்புத் தொட்டி அதற்குள்தான் இருந்தது.

"பாய்லரை மாத்திக்கோ தம்பி. தொட்டி இருக்கட்டும்."

"தொட்டி போனா ஒரு அலமாரியே மிச்சம்மா. எல்லாரும் அதுக்குத்தான் ஆசைப்படுவாங்க."

"ஹீதர் இதுக்குள்ளதான் குளிர் காயுறா."

பூனை என்று நினைத்தேன். "ரேடியேட்டர் பக்கத்துல ஒரு கூடை வச்சா அங்க வந்து படுத்துக்கப் போகுது."

"ஹீதர் என் மக. நாலு வயசுல நிமோனியால போயிட்டா. அன்னிலேர்ந்து இங்கதான் இருக்கா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் வேலை வேலைதானே. தொட்டியை வடித்து, மதியத்துக்கு மேல் அறுத்து, படியில் இறக்கினேன். மணிக்கணக்காகக் காலியாகக் கிடந்த செம்பு, என் இடுப்பு உயரத்தில் ஓரிடத்தில் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அப்படியே வேனில் ஏற்றினேன்.

மாலை நாலு மணிக்குச் சோதித்துப் பார்த்தேன். குழாயை மூடினேன், பாய்லர் அணைந்தது.

மறுபடி எரிந்தது.

வீட்டிலிருந்த எல்லாக் குழாய்களையும் பார்த்தேன். எல்லாம் மூடியிருந்தன. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களும் அணைத்தே இருந்தன.

பாய்லர் எரிந்துகொண்டிருந்தது.

"தேடுறா," என்றாள் டொரீன் மெதுவாக. "பாவம், எங்க போவா?"

சென்சார் கோளாறு என்று சொல்லி, அதை மாற்றிவிட்டுக் கிளம்பினேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது. டொரீன்தான்.

"ஐஸா இருக்கா தம்பி. எந்தச் சூடும் அவளுக்கு ஏறல. நானே தூக்கி வச்சுக்கிட்டேன்."

"கீழ வச்சிருங்கம்மா. இதோ வந்துட்டேன்."

"பெத்தவ எப்படி வைப்பேன்?"

நான் போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. ரேடியேட்டர்கள் தொட முடியாமல் கொதித்தன. ஆனாலும் மூச்சுவிட்டால் வெண்புகை வந்தது. ஈரக் கம்பளி நாற்றம். மாடிக்கு ஓடினேன்.

காலியான அலமாரிக்குள் டொரீன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கைகள் எதையோ அணைத்தபடி விறைத்திருந்தன. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். செத்துப்போயிருந்தாள். நான்தான் கொன்றேன் என்று பட்டது.

அணைத்திருந்த அந்தக் கைகளுக்கு நடுவே கையை நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று தெரியவில்லை.

அங்கே மட்டும் சூடாக இருந்தது.

ஒரு சின்னக் கை என் விரலைப் பிடித்தது.

ஆம்புலன்ஸ் வந்து டொரீனைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று வாரமாகிறது. பிடித்த கை இன்னும் விடவில்லை.