நிறுத்திப்புடாதீங்க

மூன்று மணிக்கே மூடுபனி குன்னூரை மூடிவிட்ட அந்த மதியத்தில், மேசைமேல் சும்மா கிடந்த கைக்கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. டாக்டர் மரகதம் வாயருகே கொண்டுபோன தேநீரோடு அப்படியே நின்றார்.

அந்தக் கருவி ஒருத்தியின் மார்புக்குள் இருக்கும் பேட்டரியோடு மட்டுமே இணையும். அதுவும் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான். அவளோ, மஞ்சூரில் தேயிலைக் கொழுந்து பறித்த இசக்கியம்மா, போன வாரம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மரகதம் அவள் மகனுக்குப் போன் போட்டார்.

"காளிமுத்து, அம்மாவ எரிச்சீங்களா, பொதச்சீங்களா?"

"பொதச்சுட்டோங்க டாக்டரம்மா. எரிச்சா மிஷின் வெடிச்சிரும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"அதுக்குத்தான் மொதல்லயே எடுத்துரணும்னு சொன்னேன்."

"யாரும் தொடக்கூடாதுன்னும் சொன்னீங்களே. சரி, ஓடிட்டே கெடக்கட்டும்னு உட்டுட்டோங்க. ஏனுங்க, ஏதாச்சும் தப்பாயிருச்சுங்களா?"

"ஒண்ணுமில்ல சாமி. வெச்சுரு."

எந்த மாத்திரைக்கும் அசையாத மனச்சோர்வுக்காரர்களின் மூளைக்குள் மெல்லிய கம்பி செலுத்தி, மார்புக்குள் வைத்த பேட்டரியிலிருந்து துளி மின்சாரம் பாய்ச்சி எழுப்பும் வைத்தியம்தான் மரகதத்தின் வாழ்நாள் வேலை. கல்யாணம், சொந்தம் எல்லாம் அதில் கரைந்தது. முதலில் எழுந்தவள் இசக்கியம்மா. அதற்கு முன் வருஷக்கணக்கில் பேச்சில்லாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தவள். அறுவை மேசையில் விழித்தபடி படுத்திருந்த அவளிடம் மரகதம் சொன்னார்: "பேச வேண்டாம். நல்லா இருந்தா என் கைய ஒருக்கா அமுக்கிட்டு உட்டுருங்க. நல்லா இல்லீன்னா உடாம புடிச்சுக்கங்க." ஒவ்வோர் இடமாக மின்சாரம் மாறியது. இப்ப எப்படி இருக்கு? விடாத பிடி. இப்ப? விடாத பிடி. பிறகு ஓர் அமுக்கு, விரல்கள் விலகின, அவள் சிரித்தாள்.

மரகதம் ஓய்வுபெற்ற பின்னும் இசக்கியம்மா மாதாமாதம் பஸ் ஏறி வந்து, இந்த அறையின் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, "குந்தா டேம் கரண்டு ஊருக்கெல்லாம் போகுது, ஒரு சொட்டு எனக்குள்ளயும் ஓடுது, பில்லு மட்டும் வர்றதில்ல" என்பாள். இந்த வீட்டுக்கு வேறு யாரும் வருவதில்லை.

ஒரே ஒரு முறை, ஆராய்ச்சிக்காக, அவளுக்குத் தெரியாமல் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்ததுண்டு. திரும்ப முடுக்கியதும் அவள் மரகதத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே நிறுத்திப்புடாதீங்க டாக்டரம்மா. அங்க யாருமே இல்லீங்க."

"எங்க?"

"நிறுத்துனா நான் போயிருந்தனே, அங்க."

மாட்டேன் என்று மரகதம் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்.

இப்போது கருவியை எடுத்துக்கொண்டு நடந்தார். சன்னல் பக்கம் போனால் பச்சை மங்கியது. கதவருகே அணைந்தே போனது. அப்பாடா என்று திரும்பினார். பிரம்பு நாற்காலியை நெருங்க நெருங்க அது மறுபடி எரிந்து, நிலைத்து நின்றது. கூரைத் தகரத்தில் பனி சொட்டும் ஓசை. எங்கிருந்தோ ஈர மண்வாடை, அதன் அடியில் பச்சைக் கொழுந்தின் துவர்ப்பு. நாற்காலிப் பிரம்பு, ஆள் அமர்ந்தால் நெகிழுமே, அப்படிக் கிறீச்சிட்டது.

கருவி கெட்டுப்போயிருக்கிறது. அவ்வளவுதான். கெட்ட கருவியை நிறுத்தினால் யாருக்கு என்ன? ஆனால் கெடாமலிருந்தால்?

சத்தியம் நினைவுக்கு வந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்.

பச்சை அணையவில்லை. திரையில் மின்சாரம் மட்டும் மெல்ல மெல்ல இறங்கியது. பாதி. கால். ஒன்றுமில்லை.

வாய், பழகிய வாய், தானாகக் கேட்டது.

"இப்ப எப்படி இருக்கு?"

பனி சொட்டுவது நின்றது.

மணிக்கட்டில் ஒரு குளிர். விரல்கள். நகக்கண்ணில் கொழுந்துக் கறை, அதன்மேல் செம்மண்.

ஓர் அமுக்கு.

மரகதம் காத்திருந்தார். விடும். இதோ, விடும்.

சன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே போனது.

பிடி விடவில்லை.