வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு

பாதை அதோடு முடிந்துவிட்டது. மோட்டார் சைக்கிளைப் புதருக்குள் தள்ளி மறைத்துவிட்டு, இனி நடைதான் என்று வழிகாட்ட வந்த சோகா கையைக் காட்டினான். எதிரே கம்போடியக் காடு. காலை எட்டு மணிக்கும் உள்ளே பாதி வெளிச்சம்தான் இருந்தது. சங்கரவடிவு துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்வதற்குள் அவளுடைய மதினி உலகம்மாள் பத்தடி முன்னால் போய்விட்டாள். கட்டின புருஷனைத் தேடிப் போகிறவள் யாருக்காகவும் காத்திருப்பாளா என்ன?

காணாமல் போனவன் இசக்கிமுத்து. உலகம்மாளுக்குப் புருஷன், வடிவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். தென்காசியில் அப்பா வைத்திருந்த கிரேன் பட்டறையில் வளர்ந்தவன். எவ்வளவு கனத்த கல்லானாலும் மூன்று இரும்புக் குழாயை முக்காலியாக நிறுத்தி, சங்கிலி இழுத்துப் பளு தூக்கும் செயின் பிளாக்கை மாட்டி, ஒரு கீறல் விழாமல் தூக்கி வைத்துவிடுவான். இடிந்த கோயில்களைத் திருப்பிக் கட்டும் ஒரு முகாம் அவனை மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்போடியாவுக்கு அழைத்துக்கொண்டது.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் பெண்டாட்டியிடம் போனில் பேசியிருக்கிறான். காட்டுக்குள் ஒரு கோயிலில் எவனோ சிலைகளை அறுக்கிறான், நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றான். போகும் வழியைக் காகிதத்தில் வரைந்து, படம் பிடித்து அனுப்பினான். அவ்வளவுதான், பிறகு போன் எடுக்கவில்லை. நான்காம் நாள் முகாமின் மேற்பார்வையாளர் கோதண்டத்திடமிருந்து கடிதம் வந்தது. இசக்கிமுத்து சிலையைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டானாம். 'மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று அழகான தமிழில் எழுதியிருந்தார். போலீஸும் அதை நம்பி, காணாமல் போனவனைத் தேடுவதை விட்டுவிட்டுத் திருடனைத் தேட ஆரம்பித்தது.

திருடனா! வடிவுக்கு அந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பட்டறைச் சுவரில் ஒரு பழைய காலண்டர் தொங்கும். மாசத்துக்கு ஒரு படம். எகிப்து பிரமிடு, சீனப் பெருஞ்சுவர், பாரிஸ் இரும்புக் கோபுரம், தாஜ்மகால். ஆகஸ்ட் மாசத்துக்குக் கம்போடிய அங்கோர் வாட் கோயில். வருஷம் போய் எத்தனையோ வருஷமாகியும் அதைக் கழற்றவே இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று, "இதை எப்படி ஏத்தியிருப்பான்?" என்று கேட்பதே இசக்கிக்கு வேலை. அப்படிப்பட்டவன் அங்கோர் வாட்டுக்குப் பக்கத்து ஊரில் மூன்று வருஷம் இருந்தும் அதை எட்டிப் பார்க்கவில்லை. தங்கச்சியும் பெண்டாட்டியும் வரட்டும், மூன்று பேருமாகச் சேர்ந்து பார்க்கலாம் என்று வைத்திருந்தான். இவனா சிலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான்?

சோகா இசக்கியின் கீழ் வேலை பார்த்தவன். 'ஏத்து', 'இறக்கு', 'மெதுவா', 'சாப்பிட்டியா' என்று பட்டறைத் தமிழ் கொஞ்சம் படித்திருந்தான். மிச்சத்துக்குக் கையும் கண்ணும் இருந்தன. அந்தக் கோயிலுக்கு அவனுடைய மாமாதான் காவல்காரர். பத்து மணி வாக்கில் அவருடைய குடிசை வந்தது. வந்தது என்ன, கரிதான் கிடந்தது. கூரை எரிந்து விழுந்திருந்தது. வாசலில் ஒரு பாய், அதில் காய்ந்து கறுத்த ரத்தம். பின்னால் அரைகுறையாக மூடிய குழியிலிருந்து ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சோகா அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தான். "மாமா," என்றான். அதற்கு மேல் அவனிடம் தமிழ் இல்லை. மண்ணை அள்ளிப் போட்டுக் குழியை மூடினார்கள். திரும்பிவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த அரைமணி நேரத்தில் கோயில் தெரிந்தது. மூன்று கோபுரங்களில் ஒன்று சரிந்து கிடக்க, மற்ற இரண்டின் தலையிலும் மரங்கள் வேர்விட்டு இறங்கியிருந்தன. வாசலுக்கு வந்ததும் வடிவும் உலகம்மாளும் செய்த காரியத்தைக் கேளுங்கள். செருப்பைக் கழற்றி, சுவரோரமாக ஜோடி ஜோடியாக வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள்! கொலை நடந்த காட்டில், முள்ளும் கல்லுமாகக் கிடக்கிற இடிபாட்டில்! சோகா தலையில் அடித்துக்கொண்டான். பாழடைந்த கோயிலில் இந்த ஊரில் யாரும் எதையும் கழற்றுவதில்லை. தன் பூட்ஸைக் காட்டி, போட்டுக்கொள்ளுங்கள் என்று சைகை செய்தான். உலகம்மாள் கேட்டால்தானே? சாமி இருந்த இடம் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

உள்ளே போய்ப் பார்த்தார்கள். சுவரில் ஆடிக்கொண்டிருந்த கல் பெண்களுக்குத் தலையில்லை. ரம்பம் அறுத்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. பின்பக்கம் லாரித் தடம் தெரிந்ததும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று சோகா அந்தப் பக்கம் போனான். பெண்கள் இருவரும் ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். கோயில் முழுக்க வாசல்கள். எதற்குள் தேடுவது?

தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில் சருகுக்குள் ஒரு ஒற்றைச் செருப்பு கிடந்தது. ரப்பர் செருப்பு. அறுந்த வாருக்குச் செம்புக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. வடிவு அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கம்பியைக் கட்டியவளே அவள்தான்.

"இன்னொண்ணு எங்க இருக்குன்னு பாரு," என்றாள் உலகம்மாள். "ஒண்ணை இங்கயும் ஒண்ணை அங்கயும் போடுற ஆளு உங்க அண்ணன்."

உண்மைதான். தென்காசிக் கோயில் வாசலில் ஒருமுறை புதுச் செருப்பைப் பறிகொடுத்த நாளிலிருந்து இசக்கி இரண்டையும் சேர்த்துப் போடுவதே இல்லை. ஒற்றைச் செருப்பை எந்தத் திருடனும் எடுக்கமாட்டான் என்பது அவன் கட்சி. திருடர்களும் பதினோரு நாளாக அதைக் குப்பை என்று நினைத்துத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்கள். இருபதடி தள்ளி, வேர் மூடிய ஒரு சிறிய வாசலின் ஓரத்தில் இரண்டாவது செருப்பு இருந்தது. உலகம்மாள் குனிந்து உள்ளே ஓடினாள்.

நடுவில் முக்காலி நின்றது. அதிலிருந்து தொங்கிய சங்கிலியில் ஒரு பெரிய உத்தரக் கல் சாண் உயரத்துக்குத் தூக்கப்பட்டிருந்தது. அதற்கு அடியில், மல்லாந்து கிடந்தது எட்டுக் கைப் பெருமாள் சிலை. அதற்குப் பின்னால் தூணோடு காலில் சங்கிலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள் இசக்கிமுத்துவை. பாதி உடம்பாக இளைத்திருந்தான். இடது கையில் கந்தல் சுற்றியிருந்தது. இரண்டு விரலை உடைத்திருந்தார்கள்.

"உலகு," என்றவன் அழுதுவிட்டான். அவள் அவன் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வடிவு ஒரு கல்லை எடுத்துச் சங்கிலிப் பூட்டை அடிக்க ஆரம்பித்தாள். அடிக்கு நடுவே இசக்கி விஷயத்தைச் சொன்னான். இந்தச் சிலையைக் கீறல் இல்லாமல் வெளியே எடுக்க அவனைத் தவிர ஆள் கிடையாது. அதனால் கொல்லாமல் வைத்திருக்கிறார்கள். அவசரப்பட்டால் கல் உடையும் என்று பயம்காட்டி, ஒரு நாளைக்கு ஒரு விரற்கடைதான் தூக்கி நாளைக் கடத்தியிருக்கிறான். சிலை வெளியே வந்த நிமிஷம் தன் கழுத்து போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். யார் இதெல்லாம் செய்வது என்று அவன் சொல்ல வாயெடுத்தபோது, அந்த ஆளே வந்து நின்றான்.

இரண்டு ஜோடிச் செருப்பு வந்து தரையில் விழுந்தது.

"காட்டுக்குள்ள செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வர்றவங்க நம்மாளுங்களாத்தான் இருக்கும்," என்றான் கோதண்டம். மிகுந்த வருத்தத்துடன் கடிதம் எழுதிய அதே மேற்பார்வையாளன்! காலில் பூட்ஸ், கையில் துப்பாக்கி. பின்னால் இரண்டு தடியர்கள், ஒருவனிடம் வெட்டரிவாள், இன்னொருவனிடம் ரம்பம். "ரெண்டு ஜோடி, ரெண்டு பேர். வேற யாரும் இல்லைதானே?"

வடிவு வாயைத் திறக்கவில்லை. உலகம்மாள் திறந்தாள். மாமனாரின் பட்டறையில் லாரி டிரைவர்களிடம் கற்ற வசவு மொத்தத்தையும் அவன்மேல் கொட்டிவிட்டு, பாய்ந்து சட்டையைப் பிடித்தாள். அரிவாள்காரன் குறுக்கே வீசினான். அவள் முழங்கைக்குக் கீழே சதை பிளந்து ரத்தம் பீறிட்டது. வடிவு ஓடி வந்தாள். துப்பாக்கி வெடித்தது. குண்டு அவள் காதோரத்தைக் கிழித்துக்கொண்டு சுவரில் போய்ப் பாய்ந்தது. கோதண்டம் துப்பாக்கிக் கட்டையாலேயே அவள் முகத்தில் ஓங்கி அடித்தான். வாயெல்லாம் ரத்தம். ஒரு பல் தரையில் விழுந்தது.

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு இசக்கியைப் பார்த்தான். பத்து நிமிஷத்தில் சிலை வெளியே வரவேண்டும், இல்லையென்றால் முதலில் பெண்டாட்டி, பிறகு தங்கச்சி என்று சொல்லி, துப்பாக்கியை உலகம்மாளின் தலையில் வைத்தான். இசக்கி தலையாட்டினான். தன் கை உடைந்திருக்கிறது, செயின் இழுக்கத் தங்கச்சி வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டான். கோதண்டத்துக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவனுக்குச் சங்கிலியைப் பற்றி என்ன தெரியும்?

வடிவு இழுத்தாள். உத்தரக் கல் கடகடவென்று ஏறியது. இடுப்புயரம் வந்ததும் ரம்பக்காரன் குனிந்து, சிலையின் காலைப் பிடித்து இழுக்கக் கல்லுக்கு அடியில் போனான். முக்காலியின் ஒரு கால் வழுக்கும் கல் தரையில் நின்றது. அதைச் சரியவிடாமல் பிடித்திருந்தது ஒரே ஒரு கடப்பாரை.

அப்போது இசக்கி கந்தல் சுற்றிய கையை விரித்து நெஞ்சில் வைத்தான். கோதண்டம் அதைப் பார்த்து, வலியில் துடிக்கிறான் என்று சிரித்தான். வடிவுக்கு மட்டும் அது புரிந்தது. இரைச்சலில் வாய்ப்பேச்சு கேட்காது என்பதால் அப்பா பட்டறையில் எல்லாவற்றுக்கும் கைச்சைகைதான். கை நெஞ்சுக்குப் போனால் ஒரே அர்த்தம், சரக்கு விழப்போகிறது, விலகு.

துப்பாக்கி மட்டும் மதினியின் தலையிலிருந்து விலகவேண்டும். வடிவு அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கோதண்டத்துக்குப் பின்னால் உயரத்தில் இருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே ஒரு ஜோடி பூட்ஸ் தெரிந்தது. செருப்புக் கணக்கில் வராத மூன்றாவது ஆள்!

"மெதுவா!" என்று கத்திக்கொண்டே சோகா குதித்தான். பாவம், சண்டைக்குக் கத்த அவனிடம் வேறு தமிழ் இல்லை. பூட்ஸ் கால் கோதண்டத்தின் பிடரியில் இறங்கியது. துப்பாக்கி எகிறிப் போனது. வடிவு கடப்பாரையைப் பிடுங்கினாள். முக்காலி வழுக்கிச் சாய்ந்தது. உத்தரக் கல் இறங்கிய சத்தத்தில் கோபுரமே அதிர்ந்தது. சாய்ந்த முக்காலியோடு கல் சிலைக்கு அந்தப் பக்கம் விழ, வெளியே பாய்ந்த ரம்பக்காரனின் இரண்டு காலும் அதற்கு அடியில் போயின. அவன் போட்ட அலறலைக் கேட்டு வெளியே பறவைகள் எழும்பிப் பறந்தன.

அரிவாள்காரன் சோகாவின் தோளில் ஒரு வெட்டு போட்டுவிட்டு மறுபடி ஓங்கினான். உலகம்மாள் அவன் மணிக்கட்டில் பல்லைப் பதித்தாள். எலும்பு தட்டுகிறவரை விடவில்லை. வடிவு கடப்பாரையைச் சுழற்றி அவன் முழங்காலில் அடித்தாள். முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவன் சுருண்டு விழுந்தான்.

கோதண்டம் துப்பாக்கியை நோக்கித் தவழ்ந்தான். ஆனால் தவழ்ந்த வழி தப்பு. தூணுக்குப் பக்கத்தில் போய்விட்டான். இசக்கி தன் காலில் கிடந்த சங்கிலியை அவன் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, முழங்காலை முதுகில் ஊன்றி இழுத்தான். பதினோரு நாள் பட்டினியும் உடைந்த விரலும் அந்த இழுப்பில் இருந்தன. கோதண்டத்தின் கண் பிதுங்கியது. பூட்ஸ் கால்கள் தரையைத் தேய்த்தன.

உலகம்மாள் ரத்தம் சொட்டச் சொட்ட வந்து புருஷனின் கையைப் பிடித்தாள். "விடுங்க," என்றாள்.

"இவன் காவல்காரரைக் கொன்னவன், உலகு."

"தெரியும். இவன் செத்துட்டா நீங்க திருடன்தான். ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லுது. இவன் உசுரோட வந்து, தன் வாயால சொல்லட்டும்."

இசக்கி இன்னும் ஒரு நொடி இழுத்துப் பிடித்தான். பிறகு விட்டான். சோகாவும் தன் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டான். மாமாவின் ரத்தத்துக்குப் பழி கேட்டு அவன் தூக்கியிருந்த கல் அது. அதைப் போடுவதற்கு அவனுக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கோதண்டத்தின் பையிலிருந்த சாவியை எடுத்து இசக்கியின் பூட்டைத் திறந்து, துப்பட்டாவைக் கிழித்துக் காயங்களைக் கட்டினார்கள். முக்காலியை மறுபடி நிறுத்திக் கல்லைத் தூக்கி, நசுங்கிய காலுக்கும் கட்டுப் போட்டார்கள். மூன்று பேரையும் அவர்கள் வந்த லாரியிலேயே தூக்கிப் போட்டு, மத்தியானத்துக்குள் பக்கத்து ஊர்க் காவல் நிலையத்தில் இறக்கினார்கள். லாரியில் பதினேழு கல் தலைகள் வைக்கோலுக்குள் இருந்தன. கோதண்டம் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அரிவாள்காரன் எல்லாவற்றையும் கக்கிவிட்டான் என்று தெரிந்ததும் திறந்தான். சிலையை வெளியே எடுக்கும் வேலையை அதிகாரிகள் இசக்கியிடமே கேட்டுக்கொண்டார்கள். விரல் கூடட்டும், செய்கிறேன் என்றான்.

ஊருக்குக் கிளம்பும் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நான்கு பேரும் அங்கோர் வாட்டுக்குப் போனார்கள். காலண்டரில் இருந்த அதே ஐந்து கோபுரம், முன்னால் அதே குளம். இசக்கி கையைக் கட்டோடு தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான். "இதை எப்படி ஏத்தியிருப்பான்?" என்றான். வடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பல் போன வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

படி ஏறும் முன்னால் மூவரும் செருப்பைக் கழற்றினார்கள். பட்டால் புத்தி வரவேண்டாமா? இந்தத் தடவை ஆளுக்கு ஒன்றை இங்கேயும் ஒன்றை அங்கேயும் போட்டார்கள். அதைப் பார்த்து, மரியாதைக்குத் தானும் கழற்றலாம் என்று சோகா குனிந்து பூட்ஸ் கயிற்றில் கை வைத்தான். உலகம்மாள் தையல் போட்ட கையை நீட்டி அவனைத் தடுத்தாள்.

"நீ கழட்டாதப்பா," என்றாள். "எங்க செருப்புக் கணக்குல ஒருத்தன் எப்பவும் குறையட்டும்."